குதிரை மீட்புக் காப்பகத்தில் தன்னார்வலராகச் சேர்கிறீர்களா? முதலில் கற்றுக்கொள்ள வேண்டியவை

குதிரைக் காப்பகத்தில் சேர வருகிறவர்கள் பலர், சவாரி கிடைக்கும், இல்லாவிட்டால் தடவிக் கொடுத்துக்கொண்டாவது இருக்கலாம் என்று நினைத்து வருகிறார்கள். அங்கே இருப்பவை பட்டினி போடப்பட்டவை, அடி வாங்கியவை, காலமெல்லாம் உழைத்துவிட்டு வயதானதும் கைவிடப்பட்டவை. பலவற்றின் முதுகில் இனி யாரும் ஏறப்போவதில்லை. அவற்றுக்குத் தேவை, லத்தி அள்ளவும் தொட்டி கழுவவும் சலிக்காத ஆள்; நேற்றைக்கும் இன்றைக்கும் குதிரையில் என்ன மாறியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லத் தெரிந்த ஆள். முன்பின் குதிரையைத் தொட்டிராதவர்கூட இரண்டையும் கற்றுக்கொள்ளலாம்.

படி 1: கிளம்பும் முன்

விரல்களை மூடிய தடித்த காலணி போடுங்கள். வளர்ந்த குதிரை 400, 500 கிலோ இருக்கும். தெரியாமல் மிதித்தால்கூடக் கால்விரல் நொறுங்கும். தொங்கும் நகை, துப்பட்டா வேண்டாம். குதிரையைப் பிடித்து நடத்தும்போது ஹெல்மெட் போட்டுக்கொள்ளுங்கள். லாயத்து மண்ணிலும் லத்தியிலும் டெட்டனஸ் கிருமி இருக்கும், அதனால் தடுப்பூசி எப்போது போட்டது என்று பார்த்துவிடுங்கள். பத்து ஆண்டுகள் கடந்திருந்தால் மருத்துவரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

நாளையும் நேரத்தையும் முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். என்றோ ஒருநாள் வந்து நாள் முழுக்க உழைப்பதைவிட, வாராவாரம் சொன்ன நேரத்துக்கு வந்து இரண்டு மணி நேரம் வேலை செய்கிறவர்தான் காப்பகத்துக்கும் குதிரைக்கும் உதவி.

படி 2: அருகில் போவது

குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் சுற்றிலும் ஏறக்குறைய 350 டிகிரி பார்க்கும். பார்க்க முடியாத இடங்கள் இரண்டு: வாலுக்கு நேர் பின்னால், நெற்றிக்கு நேர் முன்னால். எனவே தோள்பட்டை பக்கமாக, பேசிக்கொண்டே போங்கள். முதலில் தொட வேண்டியது தோளை, முகத்தை அல்ல.

அடிபட்ட குதிரை, நீங்கள் தலைமுடியை ஒதுக்கக் கையைத் தூக்கினாலே தலையை வெடுக்கென்று உயர்த்தும். அப்போது சமாதானப்படுத்தக் கிட்டே போகாதீர்கள். கையைத் தாழ்த்தி, பக்கவாட்டில் திரும்பி, கண்ணை நேராகப் பார்க்காமல் நில்லுங்கள். அது விலகிப் போனால் போகட்டும். அடுத்த வாரமும் அப்படியே நில்லுங்கள். தானாகவே மூக்கை நீட்டி முகர்ந்த பிறகு, பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் மெதுவாகச் சொறிந்து விடுங்கள். குதிரைகள் ஒன்றுக்கொன்று சொறிந்துகொள்ளும் இடம் அது. அங்கே சொறியும்போது குதிரையின் இதயத்துடிப்பு குறைவதை 1993-ல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்திருக்கிறது. முதுகில் தட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

காது பின்னால் படிந்தாலோ, வால் சுழன்று அடித்தாலோ, பின்னங்கால் தூக்கினாலோ விலகிவிடுங்கள். கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றாதீர்கள், மடித்துப் பிடியுங்கள். குதிரை மிரண்டு ஓடினால், சுற்றிய கயிறு விரலையே பிய்த்துவிடும்.

படி 3: லத்தி அள்ளுவது

பெரும்பாலும் இந்த வேலையைத்தான் முதலில் தருவார்கள். முகம் சுளிக்க வேண்டாம், குதிரையின் வயிற்றைப் பற்றி இதைவிட நன்றாகச் சொல்வது வேறில்லை. நலமாக உள்ள குதிரை நாளொன்றுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு முறை லத்தி போடும். உருண்டையாக, ஈரமாக, தரையில் விழுந்ததும் உடையும்படி இருந்தால் சரி. சிறுத்துக் காய்ந்திருந்தாலோ, சளி படிந்திருந்தாலோ, இரவு முழுக்கப் போடவே இல்லை என்றாலோ உடனே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். தானியம் முழுசாக வந்திருந்தால் பல்லைப் பார்க்கச் சொல்ல வேண்டும். சிறுநீரில் ஊறிய வைக்கோலையும் அன்றன்றே எடுத்துவிடுங்கள். அதிலிருந்து வரும் அம்மோனியா நுரையீரலைக் கெடுக்கும்.

படி 4: தீனி

இந்தப் பகுதியை மட்டுமாவது இரண்டு முறை படியுங்கள்.

எலும்பு துருத்திய குதிரையைப் பார்த்ததும் ஒரு வாளி தானியத்தைக் கொட்டிவிடத்தான் மனசு துடிக்கும். அதுவும் காய்ந்த மாடு கம்பில் புகுந்தாற்போலத் தின்னும். அந்த ஒரு வாளியே அதைக் கொன்றுவிடலாம்.

பட்டினியில் உடல் தன் கொழுப்பையும் தசையையும் கரைத்துத்தான் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது. பாஸ்பரஸ், மெக்னீசியம் போன்ற தாதுக்களின் இருப்பு வற்றிப்போயிருக்கும். அந்த நிலையில் மாவுச்சத்து நிறைந்த தானியம் உள்ளே போனால் இன்சுலின் சட்டென்று ஏறும். அது சர்க்கரையோடு சேர்த்து, ரத்தத்தில் மிச்சமிருக்கும் தாதுக்களையும் செல்களுக்குள் இழுத்துவிடும். இதயமும் மூச்சும் தளர்ந்து, சாப்பிடத் தொடங்கிய சில நாட்களிலேயே குதிரை இறந்துபோகலாம். அதனால்தான் இப்படி வரும் குதிரைகளுக்குத் தானியத்தைத் தவிர்த்து, மாவுச்சத்து குறைந்த குதிரை மசால் (லூசர்ன் எனும் தீவனப் பயிர்) போன்ற காய்ந்த தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, சில மணி நேரத்துக்கு ஒருமுறை தருகிறார்கள். அளவை முடிவு செய்வது கால்நடை மருத்துவர். லாயத்துக் கதவில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் ஒரு பிடிகூடக் கூட்டாதீர்கள். பாவம் பார்த்து நீட்டும் ஒரு கேரட்டையும் கேட்டுவிட்டே கொடுங்கள்.

உடல் தேறிய குதிரைக்கும் ஒரேயடியாகக் கொட்டக் கூடாது. அதன் இரைப்பை உடம்புக்குச் சிறியது. 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் வரை காய்ந்த புல், அதாவது 400 கிலோ குதிரைக்கு 6 முதல் 8 கிலோ, நாள் முழுக்கப் பிரித்துத் தர வேண்டும். தண்ணீர் 25 முதல் 45 லிட்டர் வரை குடிக்கும். தொட்டியின் அடியில் பாசி வழுக்கினால் தேய்த்துக் கழுவிவிட்டு நிரப்புங்கள்.

தேறுகிறதா என்பதைக் கண்ணால் மட்டும் சொல்லாமல், 1 முதல் 9 வரையிலான ஹென்னெக்கி அளவுகோலில் குறிப்பார்கள். 1983-ல் வெளியான முறை இது. விலா, கழுத்து, வாலடி ஆகிய இடங்களைக் கையால் அழுத்திக் கொழுப்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள். கூட நின்று கற்றுக்கொள்ளுங்கள். அடர்ந்த ரோமம் மெலிவை மறைத்துவிடும், கை ஏமாறாது.

படி 5: தேய்ப்பும் குளம்பும்

ரப்பர் பிரஷ்ஷால் வட்ட வட்டமாகத் தேய்த்து அழுக்கைக் கிளப்பி, பிறகு கெட்டியான பிரஷ்ஷால் முடி போகும் திசையில் தள்ளுங்கள். முகத்துக்கும் எலும்பு தட்டும் இடங்களுக்கும் மென்மையான பிரஷ் மட்டும்.

குளம்புக்குத்தான் பொறுமை வேண்டும். வால் பக்கம் பார்த்தபடி தோளருகே நின்று, கையைக் காலோடு மெல்ல இறக்குங்கள். கணுக்காலுக்கு மேலே லேசாக அழுத்தினால் தூக்கித் தரும். ஒரு கையில் குளம்பைத் தாங்கி, குளம்பு சுரண்டியால் குதிப்பக்கத்திலிருந்து முனை நோக்கி வழியுங்கள். நடுவில் அம்பு முனைபோல ஒரு மெத்தான பகுதி தெரியும், அதைக் குத்தாதீர்கள். அதன் இரு பக்கப் பள்ளங்களில்தான் கல்லும் லத்தியும் இறுகியிருக்கும். கறுப்பாக, குமட்டும் நாற்றத்தோடு கசிந்தால் குளம்பு அழுகத் தொடங்கியிருக்கிறது, அன்றே தெரிவிக்க வேண்டும். கிழட்டுக் குதிரைக்கு மூட்டு வலிக்கும். நடுவில் காலைப் பிடுங்கினால் முரண்டு என்று எடுத்துக்கொள்ளாமல், கீழே வைத்து ஓய்வு கொடுத்து, அடுத்த முறை தாழ்வாகத் தூக்குங்கள். மண்டியிட்டு உட்கார வேண்டாம், குனிந்தே செய்யுங்கள். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு வெட்ட ஆள் வருவார்; அவர் வேலையை அருகிலிருந்து பாருங்கள்.

படி 6: நோயைக் கண்டுகொள்வது

ஓய்வில் இருக்கும் வளர்ந்த குதிரைக்கு வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ், நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16. அமைதியாக நிற்கும்போதே தாடைக்கு அடியில் விரல் வைத்து நாடி எண்ணிப் பழகுங்கள்.

தீனியைத் தொடாமல், முன்னங்காலால் தரையைக் கீறிக்கொண்டு, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, படுத்துப் புரண்டால் கோலிக் எனப்படும் வயிற்று வலியாக இருக்கலாம். உயிர் போகக்கூடிய விஷயம். தீனியை அப்புறப்படுத்திவிட்டு உடனே ஆளைக் கூப்பிடுங்கள். முன்னங்கால்களை முன்னே நீட்டிப் பின்னால் சாய்ந்து நின்றால் குளம்புக்குள் வீக்கம் இருக்கும், நடக்க வைக்காதீர்கள். மருந்து எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

படி 7: புதிதாக வந்தவை

புதுக் குதிரைகளைச் சில வாரம் தனியே வைப்பார்கள். தாடைக்கு அடியில் நெறிகட்டிச் சீழ் பிடிக்கும் தொற்று ஒன்று வாளி, கயிறு, மனிதர் கை வழியாகவே பரவும். ஆகவே மற்ற குதிரைகளின் வேலையை முடித்த பிறகுதான் அங்கே போக வேண்டும். புதுக் குதிரைகளின் வாளியும் பிரஷ்ஷும் அங்கேயே இருக்கட்டும். வெளியே வந்ததும் கையைச் சோப்பிட்டுக் கழுவி, காலணியையும் கிருமிநாசினியில் கழுவிவிடுங்கள்.

கிளம்பும்போது எல்லாக் கதவுகளின் தாழ்ப்பாளையும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். அப்புறம் பதிவேட்டில் எழுதுங்கள்: எது எவ்வளவு தின்றது, லத்தி எப்படி, எந்தக் காலைத் தாங்கி நடந்தது. என்னவென்று சொல்லத் தெரியாமல் ஏதோ சரியில்லை என்று மட்டும் பட்டிருந்தால், குதிரையின் பெயரையும் நேரத்தையும் போட்டு அதையும் அப்படியே எழுதுங்கள்.