வில்லனுக்கு அது காமெடிப் படம் என்று தெரியக் கூடாது

காமெடிப் படத்துக்குக் கதை எழுத உட்காருகிறவர்களில் பலர் முதல் வேலையாக வில்லனையும் கோமாளி ஆக்கிவிடுகிறார்கள். வரும்போதே வழுக்கி விழுவான், துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடிப்பான், சொந்த அடியாளிடமே அறை வாங்குவான். முதல் இரண்டு தடவை தியேட்டர் சிரிக்கும். அதற்கப்புறம், இவனுக்குப் பயந்தா ஹீரோ ஓடுகிறான் என்று தோன்றிவிடும். பயம் போனால் ஓட்டம் போச்சு. ஓட்டம் போனால் ஆள்மாறாட்டம், கட்டிலுக்கு அடியில் ஒளிவது, பொய் மேல் பொய் எல்லாமே போச்சு.

பில்லி வைல்டர் 1959-இல் எடுத்த 'சம் லைக் இட் ஹாட்' படத்தில் ஒரு கூட்டக் கொலை வரும். துப்பாக்கி வெடிக்கும் நேரத்தில் கிண்டல் கிடையாது. அசல் கேங்ஸ்டர் படம் மாதிரியே இருக்கும். அதைப் பார்த்துவிட்ட இரண்டு வாத்தியக்காரர்கள், உயிர் பிழைக்கப் பெண் வேடம் போட்டுப் பெண்கள் இசைக்குழுவில் ஒளிகிறார்கள். கொலைகாரர்கள் வெறும் டம்மி என்றால், இரண்டாவது காட்சியிலேயே விக்கைக் கழற்றிவிட்டு வேறு வேலை பார்க்கப் போயிருப்பார்கள்.

அப்படியானால் சிரிப்பு எங்கிருந்து வரும்? முரண்நகையிலிருந்து. இதை நக்கல் வசனம் என்று நினைப்பது அடுத்த தவறு. "ஆகா, என்ன அறிவு!" என்பது நக்கல். நமக்குத் தெரிந்த ஒன்று வில்லனுக்குத் தெரியாமல் இருப்பதும், அவன் போட்ட திட்டமே அவன் காலை வாருவதும் முரண்நகை.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். ஹீரோ கட்டிலுக்கு அடியில் கிடக்கிறான். அவனைக் கொல்ல வந்தவன் அதே கட்டிலில் உட்கார்ந்து காத்திருக்கிறான். போன் அடிக்கிறது, அம்மா. "மாத்திரை போட்டுட்டேம்மா... இல்லம்மா, இன்னைக்கு வேலை கொஞ்சம் லேட்டாகும்." கையில் கத்தி. ஒவ்வொரு "ம்"முக்கும் கட்டில் கொஞ்சம் தாழ்கிறது, கீழே இருப்பவன் மூக்கு நசுங்குகிறது. கொலைகாரன் நகைச்சுவையாக எதுவுமே செய்யவில்லை, கவனியுங்கள். அவன் நல்ல பிள்ளையாகப் பேசிக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான்.

இதே காட்சியை, ஹீரோ அடியில் இருப்பதை மறைத்து வைத்து, கடைசியில் 'ட்விஸ்ட்' என்று காட்டினால்? ஒரு நொடி அதிர்ச்சி, அதோடு சரி. முன்னாலேயே சொல்லியிருந்தால் அந்தப் போன் பேச்சு முழுக்கச் சிரிப்பு. ரகசியத்தைப் பார்வையாளரிடம் மறைப்பது திரில்லருக்குச் சரி. காமெடியில் அவரைக் கூட்டாளியாக்க வேண்டும். 'தில்லு முல்லு' (1981) ஓடுவதே அதில்தான். மீசை வைத்த இந்திரனும் மீசையில்லாத சந்திரனும் ஒரே ஆள் என்பது நமக்குத் தெரியும், முதலாளிக்குத் தெரியாது. அந்த முதலாளியாக வரும் தேங்காய் சீனிவாசன் எவ்வளவு மனசார நம்புகிறாரோ, அவ்வளவு சிரிப்பு. அவர் வில்லன்கூட இல்லை. எதிரே நிற்பவர் நல்லவராக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

இவ்வளவையும் சரியாகச் செய்துவிட்டு, பக்கத்தில் நிற்கும் நண்பனை விட்டு "பார்த்தியா, அவன் தேடுற ஆளே கீழேதான் இருக்கான்" என்று சொல்ல வைப்பவர்கள் உண்டு. எடிட்டிங்கில் முதலில் வெட்ட வேண்டிய வசனம் அது. வில்லனின் உடம்பையோ ஊனத்தையோ கிண்டலடிப்பது, எழுத எதுவும் சிக்காதபோது செய்கிற வேலை. அதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை.

பெரிய சொதப்பல் க்ளைமாக்ஸில் நடக்கிறது. இரண்டு மணி நேரம் சிரிக்க வைத்துவிட்டு, கடைசி இருபது நிமிடம் குடோனில் சண்டை. வில்லனைப் போலீஸோ, ஹீரோவின் முஷ்டியோ, எங்கிருந்தோ வந்த லாரியோ முடித்து வைக்கும். அவன் விழ வேண்டியது அவன் தோண்டிய குழியில் அல்லவா? 1955-இல் வந்த 'தி லேடிகில்லர்ஸ்' படத்தில், ஒரு கொள்ளைக் கும்பல் சந்தேகமே வராது என்று ஒரு அப்பாவிப் பாட்டியின் வீட்டைத் தேர்ந்தெடுக்கிறது. கடைசியில் அவரைக் கொல்லவும் முடியாமல், தங்களுக்குள்ளேயே ஒருவரையொருவர் காலி செய்துகொள்கிறார்கள். பாட்டி பணத்தைப் பற்றிச் சொல்ல போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறார். எப்போதும் கதை அளப்பவர் என்று அங்கே அவருக்குப் பெயர். அதனால் யாரும் நம்பவில்லை. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.