வளவு வீட்டுச் சாமான்களைக் கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியைச் சுற்றிப் பூட்டிக் கிடக்கும் வளவு வீடுகளிலிருந்து, அதாவது நடுவில் முற்றம் வைத்த பழைய செட்டிநாட்டு வீடுகளிலிருந்து, சென்னைக்கும் கோவைக்கும் சாமான் போய்க்கொண்டே இருக்கிறது. நான் இந்தத் தொழிலுக்கு வந்த காலத்தில் நாங்கள் செய்த அதே பிழைகளைத்தான் இப்போது வரும் பையன்களும் செய்கிறார்கள். பெட்டியில் பெயர் எழுது, அடியில் டேப் ஒட்டு என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விடுகிறேன்.

கண்ணாடியைப் படுக்கப் போடுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆளுயரப் பெல்ஜியம் கண்ணாடியைச் சுவரிலிருந்து இறக்கியதும், மெத்தையை விரித்து அதன்மேல் கிடத்துகிறார்கள். பத்திரமாக வைத்துவிட்டதாக நினைப்பு. தேவகோட்டை வீடு ஒன்றில், நான் வீட்டின் உள்பகுதியில் ஊஞ்சல் சங்கிலியைக் கழற்றிக்கொண்டிருந்த நேரத்தில் அப்படித்தான் ஏற்றினார்கள். மேலே இடம் சும்மா கிடக்கிறதே என்று இரண்டு ஜமக்காளச் சுருட்டு வேறு. திருமயத்தில் டீக்கு நிறுத்தித் தார்ப்பாயைத் தூக்கினால், நட்டநடுவில் குறுக்காக ஒரே விரிசல். தொலைபேசியில் சொன்னபோது வீட்டுக்கார ஆச்சி, "சட்டமாவது மிச்சமிருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

படுத்த கண்ணாடி, வண்டி குழியில் இறங்கும்போதெல்லாம் தன் எடையாலேயே நடுவில் வளைகிறது. மெத்தை அமுங்குவதால் வளைவு இன்னும் கூடும். விளிம்பில் நிற்கும் கண்ணாடிக்கு அந்தத் தொல்லை இல்லை. நிமிர்த்தி, லாரியின் பக்கப் பலகையோடு சேர்த்து, இருபுறமும் போர்வை கொடுத்துக் கயிற்றால் கட்டுங்கள். கண்ணாடி முகத்தில் பெருக்கல் குறியாக ஒட்டும் டேப் உடைவதைத் தடுக்காது. உடைந்த சில்லைப் பிடித்துவைக்கும், அவ்வளவே. தங்கப் பூச்சுச் சட்டத்தில் டேப் படவே கூடாது, பிரிக்கும்போது பூச்சும் உரிந்து வரும். பிளாஸ்டிக் தாளை நேராகச் சுற்றினால் ஈரம் உள்ளே தங்கிப் பின்பக்க ரசம் கறுத்துவிடும். முதலில் பழைய வேட்டி, அதற்குமேல்தான் மற்றது. ரவிவர்மா படங்களையும் இப்படியே நிற்க வைத்து ஏற்றுங்கள்.

உருளியைப் பெரிய பெட்டியில் இடுவது

பெரிய பெட்டி தலையணைக்கு. கனமான வெண்கலத்துக்குச் சிறியது.

எனாமல் அடுக்குகளை வெறுமனே அடுக்குவது

மோதினால் பூச்சு சில்லாகத் தெறிக்கும். ஒவ்வொன்றுக்கும் இடையில் காகிதம் வையுங்கள்.

ஊறுகாய் ஜாடியை நிரப்பியபடி ஏற்றுவது

கூடாது.

பட்டியலில் 'பித்தளைக் குடம் 6' என்று எழுதுவது

பங்காளிகள் பலர் பங்குள்ள வீட்டில் இது வம்பை விலைக்கு வாங்குவது. செட்டிநாட்டுப் பாத்திரங்களில் பெரும்பாலும் உடையவரின் பெயரெழுத்து வெட்டியிருக்கும். தேடிப் பார்த்து, வெட்டியிருப்பதை அப்படியே பட்டியலில் எழுதுங்கள். தேய்ந்து போயிருந்தால் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, பங்காளிகளில் ஒருவராவது கையெழுத்துப் போட்ட பிறகு வண்டியில் ஏற்றுங்கள்.