வால் தொலைந்த படம்: ஏற்காட்டிலிருந்து மோதும் கேலக்ஸிகளை எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பஞ்சாங்கம் அஸ்தம் என்று சொல்லும் ஐந்து நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில் இரண்டு கேலக்ஸிகள் மோதிக்கொண்டிருக்கின்றன. என்.ஜி.சி. என்ற வானியல் பட்டியலில் அவற்றின் எண்கள் 4038, 4039; பழகிய பெயர் ஆன்டெனா. பூச்சியின் மீசைபோல இரண்டு நீண்ட வால்கள் அவற்றிலிருந்து வளைந்து போகின்றன. அலார் டூம்ரே, யூரி டூம்ரே என்ற சகோதரர்கள் 1972இல் கணினியில் கணக்கிட்டு, இப்படிப்பட்ட வால்களை இழுத்துவிட ஈர்ப்புவிசை ஒன்றே போதும் என்று காட்டினார்கள். மோதலுக்குச் சாட்சியே அந்த வால்கள்தான். நான் எடுத்த முதல் படத்தில் நடுவே இதயம்போல ஒரு வெளிச்சம் விழுந்திருந்தது, வால் இல்லை. அது எங்கே தொலைந்தது என்று தேடியதில் தெரியவந்தவைதான் கீழே இருப்பவை.

முதல் தவறு, குளிர்நாட்டுக்காரர்கள் போட்ட இலக்குப் பட்டியலை அப்படியே பின்பற்றுவது. அதில் எம் 51 என்ற சுருள் கேலக்ஸி முன்னால் இருக்கும். நல்ல இலக்குதான். 1845இல் அயர்லாந்தில் ராஸ் பிரபு சுருள் வடிவத்தைக் கண்டது அதில்தான்; பக்கத்திலிருக்கும் சிறிய கேலக்ஸி அதை இன்றும் இழுத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் ஐரோப்பாவில் ஆன்டெனா உச்சிக்கு வரும்போதும் அடிவானத்திலிருந்து 20 பாகை அளவில்தான் நிற்கும். நமக்கோ 59 பாகை. எம் 51உம் வடக்கே 54 பாகை வரை ஏறிவிடும். வட வானம், தென் வானம் இரண்டும் எட்டுகிற இந்த அட்சரேகையில்தான் வாணியம்பாடி பக்கம் காவலூரில் 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. கையிலிருக்கும் வசதியை நாம் விட்டுவிடக் கூடாது.

அடுத்தது இடம். ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனைப் பக்கம் கண்ணுக்கு அழகு, படத்துக்குக் கேடு. சேலம் நகரம் மலைக்குத் தெற்கே, சற்று மேற்காகக் கிடக்கிறது. அதன் வெளிச்சம் தெற்கு வானத்தின் அடியில் குடைபோல விரிகிறது. ஆன்டெனா கடப்பது அதே தெற்கு வானத்தை. சேர்வராயன் கோயில் பக்கமாக, வடக்கே தள்ளிப் போனால் நகரத்துக்கும் நமக்கும் நடுவில் மலை வரும். கேலக்ஸி தென்கிழக்கில் 45 பாகை தாண்டியதும் எடுக்கத் தொடங்கி, உச்சியைக் கடந்து தென்மேற்கே இறங்கும்போது நிறுத்திக்கொள்ளுங்கள்.

வடக்கை மறைக்கும் சில்வர் ஓக் மரங்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே துருவ நட்சத்திரம் 12 பாகை உயரத்தில்தான் இருக்கிறது. ஒரு மரக்கிளை போதும், மவுண்ட்டை, அதாவது நட்சத்திரங்களைப் பின்தொடர்ந்து கேமராவைத் திருப்பும் தாங்கியை, துருவத்துக்கு நேராக்க முடியாமல் போக. சில மவுண்ட்கள் அவ்வளவு தாழ்வான கோணத்துக்கு இறங்கவே இறங்காது. இறங்கினாலும் எதிர் எடை ட்ரைபாட் காலில் போய் இடிக்கும். வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். மலையேறிய பிறகு தெரிந்தால் இருபது கொண்டை ஊசி வளைவும் வீண்.

நிலாவைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பங்குனி உத்திரத்துக்கும் சித்ரா பௌர்ணமிக்கும் முழுநிலவு இந்தப் பகுதிக்கு அருகிலேயே நிற்கும். மாசி, பங்குனி அமாவாசைகளை ஒட்டிய இரவுகளே சரி. மார்ச் மூன்றாம் வாரத்தில் ஆன்டெனா நள்ளிரவு தாண்டியதும் உச்சிக்கு வரும். சித்திரைக்குக் காத்திருந்தால் கோடை மழை மேகம் குறுக்கே வரும்.

பனி (ஈரத்துளி), மஞ்சு (மலையில் தவழும் மேகம்) இரண்டும் வேறு வேறு. மஞ்சு வந்தால் கண்ணுக்குத் தெரியும், மூடிவைத்துவிடுவோம். பனி சத்தமில்லாமல் லென்ஸில் படியும். நட்சத்திரங்கள் படத்தில் தொடர்ந்து தெரியும். மங்கலான வால்தான் முதலில் போகும். லென்ஸைச் சுற்றிக் கட்டும் சூடேற்றும் பட்டையைத் தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள், பனி படிந்த பிறகு அல்ல.

ஒரே இரவில் முடித்துவிடலாம் என்ற அவசரமும் வாலைத் தின்னும். படத்தில் மணல்மணலாகத் தெரியும் இரைச்சலோடு ஒப்பிடும்போது வாலின் ஒளி இரு மடங்கு தெளிவாக வேண்டுமென்றால் நான்கு மடங்கு நேரம் சேர்க்க வேண்டும். ஒரு மணி நேரப் படத்தை எந்த மென்பொருளும் நான்கு மணி நேரப் படமாக்காது.

இவ்வளவும் சரியாகச் செய்துவிட்டு, வீட்டில் கணினி முன் உட்கார்ந்து வாலை அழித்தவர்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன். வானம் கன்னங்கரேலென்று இருக்க வேண்டும் என்ற ஆசையில் கறுப்பு அளவை ஏற்றினால், வானத்தைவிடக் கொஞ்சமே வெளிச்சமான வாலும் சேர்ந்து கறுத்துவிடும். பின்னணி சாம்பல் நிறத்தில் இருக்கட்டும். சேலத்து வெளிச்சத்தைக் கழிக்கும் மென்பொருள் கருவியை, வெறும் வானத்தின் வெளிச்சத்தை அளக்கும் மாதிரிப் புள்ளிகளைத் தானாகப் போடவிட்டால், வாலின் மேலேயே ஒரு புள்ளியை வைத்து அதையும் நகர வெளிச்சம் என்று கழித்துவிடும். புள்ளிகளை நீங்களே கையால் வையுங்கள், கேலக்ஸியைச் சுற்றித் தாராளமாக இடம் விட்டு. செயற்கை நுண்ணறிவில் இரைச்சல் நீக்கும் கருவியை அளவுக்கு மேல் ஓட்டினால் ஆபத்து வேறு மாதிரி: இல்லாத இழையும் முளைக்கும். அதை மோதலின் அடையாளம் என்று சொல்லிவிட்டால் அது பொய்.

பெயரிடும்போதும் இதே கவனம் வேண்டும். ஒட்டித் தெரிவதெல்லாம் மோதல் இல்லை. என்.ஜி.சி. 3314 நம் பார்வைக் கோட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும் இரண்டு கேலக்ஸிகள். ஒன்றுக்குப் பின்னால் வெகுதூரத்தில் மற்றொன்று இருக்கிறது.

கடைசியாக, படத்தை வெள்ளைப் பின்னணியில் கறுப்பாகத் திருப்பிப் பாருங்கள். வெள்ளையில் மங்கிய சாம்பல் கண்ணில் படும். தெற்கு வாலைப் பிடித்துக்கொண்டே நுனிவரை போங்கள். அங்கே ஒரு சிறு திட்டு இருக்க வேண்டும். மோதலில் வீசப்பட்ட வாயுவிலிருந்து புதிதாய் ஒரு குறுங்கேலக்ஸி உருவாகிறதோ என்று வானியலாளர்கள் ஆராய்ந்த இடம் அது. அது தெரியவில்லையென்றால் அடுத்த அமாவாசைக்கு மறுபடி மலையேறுங்கள்.