கலேயில் தடைபட்ட சான்றிதழ்: என் அனுபவம்

இங்கிலாந்திலிருந்து பிரான்சுக்கு மோட்டார்ஹோமில் (தங்கும் வசதியுள்ள வண்டியில்) நாயை அழைத்துச் செல்பவர்கள் திரும்பி வரும் வழியைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும். பிரெக்சிட்டுக்குப் பின், 2021 ஜனவரி முதல் பிரிட்டனில் வழங்கப்பட்ட செல்லப்பிராணி பாஸ்போர்ட் ஐரோப்பிய ஒன்றியத்தில் செல்லாது. ஆகவே மைக்ரோசிப் பொருத்தி, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, 21 நாள் காத்திருந்து, பயணத்துக்கு முந்தைய 10 நாட்களுக்குள் அங்கீகாரம் பெற்ற கால்நடை மருத்துவரிடம் உடல்நலச் சான்றிதழ் பெற்றோம்.

பிரிட்டனுக்குள் நுழைவதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பும், 120 மணி நேரத்துக்கு மேற்படாமலும், பிராசிகுவான்டெல் அடங்கிய நாடாப்புழு மருந்தைக் கால்நடை மருத்துவர் கொடுத்துப் பதிவு செய்திருக்க வேண்டும். திரும்பும் வழியில், பிரான்சின் துறைமுக நகரான கலேயின் முனையத்தில் மைக்ரோசிப்பைச் சரிபார்த்த அலுவலர், சான்றிதழில் தேதி, மருந்தின் பெயர், முத்திரை, கையொப்பம் எல்லாம் இருந்தும், மருந்து கொடுத்த நேரம் மட்டும் எழுதப்படவில்லை என்று விரலால் சுட்டிக்காட்டி எங்களைத் திருப்பி அனுப்பினார். நேரம் தெரியாமல் அந்த இடைவெளியைக் கணக்கிட முடியாது என்பதால் அவர் செய்தது சரியே.

மருந்து கொடுத்த பிரெஞ்சுக் கால்நடை மருத்துவமனைக்கே வண்டியைத் திருப்பினோம். மருத்துவர் தம் பதிவேட்டைப் பார்த்து, விடுபட்ட கட்டத்தில் நேரத்தை எழுதி, அருகிலேயே மீண்டும் கையொப்பமும் முத்திரையும் இட்டுத் தந்தார். 120 மணி நேரம் கடந்திருந்தால், மருந்தை மறுபடி கொடுத்து மேலும் ஒரு நாள் காத்திருக்க நேர்ந்திருக்கும்.

பல கப்பல்களில் நாயை வண்டித் தளத்தில் தனியே விட வேண்டியிருக்கும். வண்டியோடு ஏறிக் கடலடிச் சுரங்கத்தில் கடக்கும் சுரங்க ரயிலிலோ அந்த 35 நிமிடமும் அது நம்முடனேயே வண்டிக்குள் இருக்கும். வயதான நாய் என்றால் ரயிலையே தேர்ந்தெடுங்கள்.