ஒரே வயல், மூன்று கேன்வாஸ்: மோனே வழியில் வெளியில் வரைய

வயலில் ஈசலை (கேன்வாஸைத் தாங்கும் சட்டத்தை) நிறுத்தி வரைய உட்காரும்போது முதலில் எரிச்சல் தருவது வெளிச்சம்தான். பாதிப் படம் முடிவதற்குள் நிழல் நகர்ந்துவிடும், நிறம் மாறிவிடும், நாமும் புது வெளிச்சத்துக்கு ஏற்ப பழைய படத்தைத் திருத்தித் திருத்திக் கடைசியில் எந்த நேரமும் இல்லாத ஒன்றை வரைந்து வைப்போம்.

பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனே இதற்கு எளிய வழி வைத்திருந்தார். பிரான்ஸில் ஜிவெர்னி கிராமத்தில் வீட்டுக்குப் பக்கத்து வயலிலிருந்த கோதுமைக் கதிர்ப்போர்களை 1890-91ல் வரைந்தபோது, வெளிச்சம் மாறினால் கேன்வாஸையும் மாற்றிவிடுவார். அப்படி வந்தவை சுமார் 25 படங்கள். நீங்கள் மூன்று சின்ன கேன்வாஸ் எடுத்துப் போங்கள், போதும். ஒவ்வொன்றின் பின்னாலும் நேரத்தை எழுதுங்கள். வெளிச்சம் போனதும் அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள், முதல் படத்தை மறுநாள் அதே நேரத்துக்குத் தொடரலாம். கடைசித் திருத்தங்களை வீட்டில் செய்தாலும் தப்பில்லை, மோனேயும் ஸ்டுடியோவில் செய்திருக்கிறார்.

நிறங்கள் நிறைய வேண்டாம். 1905ல் அவர் ஒரு கடிதத்தில் சொன்ன பட்டியலே இவ்வளவுதான்: வெள்ளை, காட்மியம் மஞ்சள், வெர்மிலியன் (பளிச்சென்ற சிவப்பு), மேடர் சிவப்பு, கோபால்ட் நீலம், பச்சை. அவருடைய வெள்ளையில் நச்சான ஈயம் உண்டு, நமக்கு டைட்டானியம் வெள்ளை போதும். கறுப்பு ட்யூபை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

ஏனென்றால் நிழல் கறுப்பு இல்லை. வெயிலில் நிற்கும் வைக்கோல் போரின் நிழலைக் கண்ணைச் சுருக்கிக் கொஞ்ச நேரம் பாருங்கள். சூரியன் படாத அந்த இடத்தில் வானத்தின் ஒளி விழுவதால் நீலமும் ஊதாவும் தெரியும், போரை ஒட்டிய ஓரத்தில் வைக்கோலின் மஞ்சள் சாயல் விழுந்து நிழல் லேசாக மஞ்சளாகியிருக்கும். அந்த ஓரத்தைப் பிடித்துவிட்டால் படத்தில் வெயில் தானாக வந்துவிடும்.

அப்புறம், ஒரு மூலையை முடித்துவிட்டு அடுத்த மூலைக்குப் போகாதீர்கள். வானம், மரம், மண் எல்லாம் ஒன்றாக வளரட்டும், மோனேயின் நண்பரான ஓவியர் பிசாரோ ஓர் இளம் ஓவியருக்குச் சொன்னதும் இதைத்தான்.

கேன்வாஸ் மேல் நேர் வெயில் படக்கூடாது, பட்டால் நிறங்கள் பளிச்சென்று தெரிந்து ஏமாற்றும், வீட்டுக்குள் வைத்துப் பார்த்தால் படம் இருண்டிருக்கும். குடை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் வெள்ளையோ சாம்பலோ. சிவப்புக் குடை என்றால் அதன் சாயல் படத்தில் ஏறிவிடும். காற்றுக்கு ஈசலின் நடுவில் ஒரு கல் மூட்டையைத் தொங்கவிடுங்கள். ஈரப் பெயின்டில் மண் ஒட்டினால் துடைக்காதீர்கள், காய்ந்தபின் தட்டிவிடலாம். மோனே 1870ல் பிரான்ஸின் த்ரூவில் (Trouville) என்ற ஊரின் கடற்கரையில் வரைந்த ஒரு படத்தில் மணல் துகள்கள் இன்னும் ஒட்டியிருக்கின்றன, லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது.

திரும்பும்போது ஒரே அளவுள்ள இரண்டு ஈரக் கேன்வாஸ்களை எதிரெதிரே வைத்து, நாலு மூலையிலும் கார்க் துண்டு சொருகிக் கட்டிவிட்டால் பெயின்ட் ஒட்டாமல் வீடு வந்து சேரும்.