அன்பியக் குவிஸுக்குத் தகராறு வராத கேள்வி எடுப்பது எப்படி?

ஜூன் 29 புனித பேதுரு, பவுல் பெருவிழாவுக்கு ராயபுரம், காசிமேடு பக்கம் அன்பியங்களுக்குள் (பங்கில் உள்ள சிறு குடும்பக் குழுக்கள்) குவிஸ் வைக்கப் போகிறீர்களா? நான்கு அணி, அணிக்கு ஐந்து என 20 கேள்வி போதும். சமநிலை வந்தால் கேட்க இன்னும் மூன்று. ஒரு அட்டைக்கு ஒரு கேள்வி. பின்பக்கம் விடையோடு அதிகாரம், வசன எண்ணும் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் யாராவது எழுந்து வந்து மைக்கைப் பிடுங்கிக்கொள்வார்கள்.

எல்லாருக்கும் தெரிந்ததாக நினைக்கும் இடத்தில் கை வையுங்கள். கிறிஸ்துமஸ் குடிலில் மூன்று ராஜாக்களைக் காலங்காலமாக வைக்கிறோம். மத்தேயு 2-ஆம் அதிகாரத்தில் அவர்கள் ஞானிகள். எத்தனை பேர் என்று எழுதவே இல்லை. பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் என்று காணிக்கைதான் மூன்று. அவர்கள் போனதும் தொழுவத்துக்கு அல்ல, வீட்டுக்குள் (2:11). லூக்கா 2-இல் தீவனத்தொட்டி உண்டு. மாடும் கழுதையும் கிடையாது. ஏவாள் தின்றதும் வெறும் 'கனி'தான், ஆப்பிள் இல்லை. "ஞானிகள் எத்தனை பேர் என்று மத்தேயு சொல்கிறார்?" என்று கேட்டு, விருப்பங்களில் 'சொல்லவில்லை' என்பதையும் சேர்த்துவிடுங்கள். பாதிப் பேர் மூன்றில்தான் விழுவார்கள்.

கேள்வியில் நூலின் பெயர் கட்டாயம் வேண்டும். இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மறுதலித்ததையே எடுங்கள்: மாற்கு 14:30-இல் சேவல் இரண்டு முறை கூவுமுன், மத்தேயு 26:34-இல் கூவுமுன், அவ்வளவுதான். பெயர் சொல்லாமல் கேட்டால் இரண்டு அணிக்கும் மார்க் போட வேண்டியதுதான். "விவிலியத்தில் எத்தனை நூல்கள்?" என்பதும் அப்படியே. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டன்ட்) பிள்ளைகளும் அணியில் இருந்தால் 66 என்பார்கள், அதுவும் சரி. தோபித்து, யூதித்து, மக்கபேயர் முதலிய ஏழும் சேர்ந்த கத்தோலிக்கப் பதிப்பில் 73. 'கத்தோலிக்க' என்ற சொல்லைச் சேர்த்துக் கேளுங்கள்.

திருத்தந்தையர் (போப்) கேள்விகளில் எண்ணிக்கைதான் வம்பு. 14-ஆம் லியோ 267-ஆவது திருத்தந்தை. ஆனால் ஆள் கணக்கு அது இல்லை, 9-ஆம் பெனடிக்ட் மூன்று முறை பதவியில் இருந்ததால் மூன்றாக எண்ணப்படுகிறார். அதனால் "எத்தனையாவது?" என்றே கேளுங்கள். 23-ஆம் யோவான் வரை வந்தும் 20-ஆம் யோவான் என்று ஒருவர் இல்லவே இல்லை, இது கடைசிச் சுற்றுக்கு. உரோமை ஆயர் என்ற முறையில் திருத்தந்தையின் பேராலயம் புனித பேதுரு பெருங்கோவில் அல்ல, உரோமையிலேயே உள்ள லாத்தரன் பெருங்கோவில். இதற்குச் சத்தம் வரும்.

சமநிலைக்கு "வத்திக்கான் நகரின் பரப்பு எத்தனை ஹெக்டேர்?" என்று எழுதச் சொல்லுங்கள். விடை 44. நெருங்கி வந்த அணிக்குக் கோப்பை. இரண்டும் ஒரே தூரத்தில் இருந்தால் அடுத்த அட்டை.