எக்ஸ்எம்எல் கோப்பை ஒட்டி ஒட்டி எழுதாதீர்கள்

திருகோணமலையில் ஒரு மீன் வாடிக்குக் கணக்கு மென்பொருள் செய்து கொடுத்தேன். அன்றன்று கரைக்கு வந்த பாரை, சூரை எல்லாம் எக்ஸ்எம்எல் கோப்பாக (ஒவ்வொரு தகவலையும் அதன் பெயர் சொல்லும் குறிச்சொற்களுக்கு நடுவே எழுதும் வடிவம்) கொழும்பு வியாபாரிக்குப் போகும். ஒருநாள் அவர் பக்கம் கோப்பு திறக்கவே இல்லை. காரணம் ஒரேயொரு குறி: படகின் பெயரில் இருந்த &. எக்ஸ்எம்எல்லில் அதற்குத் தனி வேலை உண்டு. வெறுமனே வந்தால் கோப்பு முழுவதுமே செல்லாது. எழுத்துகளைக் கையால் ஒட்டி ஒட்டிக் கோப்பை உருவாக்கியதுதான் பிழை. எக்ஸ்எம்எல் எழுதுவதற்கென்றே இருக்கும் நிரல் நூலகத்திடம் (ஆயத்தமாகக் கிடைக்கும் நிரல் தொகுப்பு) விடுங்கள்; & , < இரண்டையும் அதுவே மாற்றி எழுதும்.

இன்னொன்று, என் பார்வையில் இதுதான் பெரிது: அளவையும் அலகையும் பிரித்து வையுங்கள்.

<எடை>12.5 கிலோ</எடை>

இதை அப்படியே எடுத்துக் கூட்ட முடியாது.

<எடை அலகு="கிலோ">12.5</எடை>

இப்போது எண் எண்ணாகவே நிற்கிறது. (குறிச்சொல்லைத் தமிழில் வைக்கலாம், 1998இல் வந்த எக்ஸ்எம்எல்லின் முதல் பதிப்பிலிருந்தே அது செல்லும். கோப்பைத் தமிழ் எழுத்துகளையும் தாங்கும் யூடிஎஃப்-8 குறியீட்டு முறையில் சேமியுங்கள்.) திகதியை 05/03 என்று விடாமல் 2025-03-05 என்று எழுதினால், மார்ச்சா மேயா என்ற குழப்பம் வராது.

வெளியார் அனுப்பும் கோப்பை வாங்குகிறீர்களா? வெளி என்டிட்டிகளை (வேறு கோப்பைச் சுட்டி அதன் உள்ளடக்கத்தை உள்ளே இழுக்கும் குறிப்புகள்) வாசிக்கும் வசதியை முதலில் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் உங்கள் சேர்வரில் உள்ள கோப்புகளை அதன் வழியாகவே ஒருவர் உருவிவிடலாம். கோப்பு மிகப் பெரிதென்றால் முழுவதையும் நினைவகத்தில் ஏற்றாமல், ஒவ்வொரு படகின் பதிவாக வாசித்துக்கொண்டே போங்கள்.